கன்று நட ஆள் வரும், சித்திரையில் தண்ணீர் ஊற்ற யார் வருவார்?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கத்து வாசகர், 7 ஜூன் 2025

எங்கள் ஊராட்சியில் ஏரிக்கரையை ஒட்டிக் கொஞ்சம் புறம்போக்கு கிடக்கிறது. முழுக்க வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம். அதை எடுத்துவிட்டுக் காடாக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. கம்பி வேலி போட்டு ஆள் நடமாட்டத்தை நிறுத்தினால் காடு தானாக வந்துவிடும் என்கிறார்கள் சிலர். ஆயிரக்கணக்கில் கன்று நட்டால்தான் வரும் என்கிறார்கள் மற்றவர்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

8 ஜூன்

இரண்டு தரப்பும் ஒரே ஆளை மறந்துவிட்டது. அந்தப் புறம்போக்கில் இன்றைக்கு ஆடு மேய்க்கிறவரை. அங்கே விறகு ஒடிக்கிற அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் யாராவது பேசினீர்களா? பேசாமல் போட்ட கம்பி வேலி ஒரு கோடை தாங்காது.

என் சொந்த ஊர் கெடிலத்தின் கரை. இப்போது புதுச்சேரிக்கு வடக்கே ஒரு நாற்றங்காலில் வேலை. இந்தக் கடலோரத்து மரங்களைத்தான் வளர்க்கிறோம்: வீரை, காசான், கருங்காலி, உலக்கைப் பாலை, இலுப்பை, நாவல், மகிழம். ஊராட்சி, பள்ளிக்கூடம், தனியார் தோப்பு என்று எங்கெங்கோ கன்று போகிறது. போன கன்று எங்கே பிழைத்தது, எங்கே செத்தது என்று போய்ப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. பார்த்தவரைக்கும் மண் நல்லதா, குழி ஆழமா என்பதெல்லாம் பிறகுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த இடத்தில் ஒரு உரிமையும் ஒரு பொறுப்பும் இருந்த இடங்களில் மரம் நிற்கிறது. இல்லாத இடங்களில் நட்ட நாளின் படம் மட்டும் சுவரில் தொங்குகிறது.

8 ஜூன், இரவு

"தானாக வரும்" என்பதை நான் ஒதுக்கவில்லை. வேர் உயிரோடு மண்ணுக்குள் இருந்தால் தானாகத்தான் வரும். காசான், காரை, சூரை எல்லாம் வெட்ட வெட்டத் துளிர்க்கிற சாதி. சுற்றுவட்டத்தில் ஒரு பழைய கோயில் காடு இருந்தால் சின்னான் குருவியும் மரநாயும் விதை கொண்டு வந்து போடும். ஆனால் மேல்மண்ணே போய்விட்ட இடத்தில் காத்திருந்து பயனில்லை. உங்கள் ஏரிக்கரையில் எது மிச்சம் இருக்கிறது என்று முதலில் புதருக்குள் குனிந்து பாருங்கள்.

15 ஜூன்

ஒரு பெரிய கோபம், கொட்டிவிடுகிறேன்.

உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. மரம் நடுகிற விழாவான வன மகோத்சவம் ஜூலை முதல் வாரம், 1950இல் கே.எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. தென்மேற்குப் பருவமழை பெய்கிற ஊர்களுக்கு அது சரியான காலம். நமக்கு? கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பெருமழை வருவது ஐப்பசி, கார்த்திகையில். ஜூன், ஜூலையில் இங்கே அவ்வப்போது ஒரு சாயங்கால இடிமழை பெய்யும், அடுத்த நாளே மண் காய்ந்துவிடும். அந்த நேரத்தில் கன்றைப் பையிலிருந்து பிரித்து வெறும் செம்மண்ணில் நட்டால், ஆவணி வெயிலைத் தாண்டுவதற்கு அதற்கு வேரே இருக்காது.

போன வருடம் ஒரு அலுவலகத்திலிருந்து ஜூலை விழாவுக்குக் கன்று கேட்டார்கள். புரட்டாசி கடைசியில் நடுங்கள், அதுவரை நாங்களே இங்கே வைத்து வளர்த்துத் தருகிறோம் என்று கெஞ்சிப் பார்த்தோம். விருந்தினர் தேதி கொடுத்துவிட்டார் என்றார்கள். செப்டம்பரில் போய்ப் பார்த்தேன். குழிகள் இருந்தன.

ஜூன், ஜூலையில் மக்கள் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. வேம்பு, நாவல், இலுப்பை எல்லாம் பழுத்து உதிர்கிற காலம் இது. இந்த விதைகளை எடுத்து வைத்து அடுத்த வருடம் போட முடியாது. சில வாரத்திலேயே முளைக்கும் திறன் போய்விடும். பள்ளிப் பிள்ளைகளை விழா மேடைக்கு முன்னால் வெயிலில் நிறுத்துவதற்குப் பதில் நாவல் மரத்தடிக்கு அனுப்பலாம். பழத்தைத் தின்று கொட்டையைக் கொடுத்தால் போதும்.

22 ஜூன்

ஒருவர் எழுதியிருக்கிறார்: "காட்டை மீட்டதற்கு நம் பக்கத்து உதாரணம் ஆரோவில்தான், அது வெளிநாட்டுக்காரர்கள் செய்தது, நம் ஆட்களால் ஆகாது."

பாதி சரி. மறுபாதியைச் சொல்கிறேன்.

பல நாட்டவரும் சேர்ந்து வாழ்வதற்கென்று புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் 1968 பிப்ரவரி 28இல் தொடங்கியபோது அந்த மேட்டில் செம்மண் மட்டும்தான். மழை பெய்தால் மண் ஓடைகளை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகும், கரையோரம் தண்ணீரே சிவக்கும் என்று பொம்மையார்பாளையத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வந்தவர்கள் கொதிக்கிற வெயிலில் அங்கே குடிசை போட்டுத் தங்கினார்கள். அந்தப் பிடிவாதத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பிச்சாண்டிக்குளம் காடு 1973இல் ஜாஸ் புரூக்ஸ் தொடங்கியது. இந்தக் கடலோரத்துக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின், அதாவது வறண்ட மாதங்களிலும் பச்சையாகவே நிற்கிற காட்டின், மரங்களைத் தேடித் தேடி விதை எடுத்து வளர்த்ததில் அவர்களுடைய பங்கு பெரிது. சாதனா காடு 2003இல் வந்தது. அங்கும் முதல் வேலை தண்ணீரைத் தேக்குவதுதான்.

அந்த வரப்புகளை வெட்டிய கைகளில் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, கோட்டக்கரை, ஆலங்குப்பம் ஊர்க்காரர்களின் கைகளும் உண்டு. சரிவுக்குக் குறுக்கே மண்ணைக் கட்டி, விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்திய பிறகுதான் மரம் பிடித்தது. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த பெண்களும் இந்த ஊர்களிலிருந்து போனவர்கள். எந்த மரம் எந்தக் கோயிலைச் சுற்றி மிஞ்சியிருக்கிறது, எந்தப் பட்டை எந்த நோய்க்கு என்று காட்டியவர்கள் உள்ளூர் வைத்தியர்களும் மாடு மேய்த்தவர்களும். வெளியிலிருந்து வந்தவர் கொண்டுவந்தது விடாப்பிடி. ஊர்க்காரர் கொடுத்தது உழைப்பும் மரத்தின் முகவரியும். எதைக் கழித்தாலும் அந்த மேட்டில் இன்றைக்கு நிழல் இல்லை.

அதனால் "நம் ஆட்களால் ஆகாது" என்பதை ஏற்க முடியாது. நம் ஆட்கள் கூலிக்குச் செய்தார்கள், பெயர் பலகையில் வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

23 ஜூன்

கூலிக்குச் செய்தால் அது பங்கேற்பு ஆகுமா என்று கேட்கிறார் பண்ருட்டி அண்ணன். ஆகும். சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்குக் கூலி கொடுக்காமல் "சேவை" என்று சொல்வதுதான் தப்பு. வாரக் கடைசியில் வந்து நடுகிறவருக்கு வேறு சம்பளம் இருக்கிறது.

3 ஜூலை

கோயில் காட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது.

கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு தாண்டினால் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீசுவரர் அய்யனார் கோயில். சுற்றிலும் இருக்கிற காடு இந்தக் கரையில் மிச்சமிருக்கிற மிகப் பழைய துண்டுகளில் ஒன்று. கொடிகள் மரத்தை மரத்தோடு கட்டிவைத்திருக்கும், உள்ளே போனால் வெளியில் இருக்கிற வெயில் தெரியாது. கடலூர்ப் பக்கத்தில் குழந்தைகுப்பம், திருமாணிக்குழி இரண்டு இடத்திலும் இப்படிப்பட்ட காடு உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பார்த்தசாரதியும் அவரது மாணவர்களும் 1990களில் இவ்விரண்டு இடங்களின் மரங்களையும் ஒவ்வொன்றாக அளந்து பதிவு செய்தார்கள். இந்தப் பகுதியின் மரங்கள் எவை என்று இன்று நாம் உறுதியாகப் பேச முடிகிறதென்றால் அந்தப் பதிவுகள் ஒரு காரணம்.

இந்தக் காடுகளுக்குக் கம்பி வேலி யார் போட்டார்கள்? ஒருவரும் இல்லை. சாமி காட்டில் காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பொங்கல் வைக்கிற விறகை அங்கேயே எடுத்து அங்கேயே எரித்துவிட வேண்டும். என் பாட்டி கீழே விழுந்த ஒரு கொம்பைக்கூட மிதிக்காமல் தாண்டித்தான் நடப்பார். ஆட்கள் வந்துபோகாத காடு இல்லை அது. குதிரை சிலை நேர்ந்து வைக்க, மொட்டை அடிக்க, காது குத்த, படையல் போட என்று வருடம் முழுக்க ஆள் புழங்குகிற இடம். ஆள் புழங்கியும் காடு நின்றது.

இப்போது நிற்குமா என்ற கவலை வேறு. கோயிலுக்குச் சுற்றுச் சுவர், வண்டி நிறுத்தத் திடல், கல்யாண மண்டபம் என்று ஒவ்வொன்றும் காட்டின் ஓரத்தைத்தான் கடிக்கின்றன. பக்தி குறையவில்லை. அய்யனாருக்குக் காடு வேண்டும் என்ற நினைப்பு மட்டும் குறைந்து, அய்யனாருக்கு டைல்ஸ் வேண்டும் என்ற நினைப்பு வந்திருக்கிறது. பரம்பரைப் பூசாரிகளிடமும் திருப்பணிக் குழுக்களிடமும் போய்ப் பேசுவதுதான் எனக்குத் தெரிந்து இன்றைக்கு மிக அவசரமான காட்டு வேலை. புதுக் காடு வளர்க்க விதை அங்கேயிருந்துதான் வர வேண்டும்.

4 ஜூலை

பாட்டியைப் பற்றி எழுதியதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் விறகுக்குச் சவுக்கு மிளார், முந்திரிச் சருகு. விடியற்காலையில் முந்திரித் தோப்பில் சருகு கூட்டப் போவார்கள். அப்புறம் 2007 வாக்கில் தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்பு வந்தது. நான் பார்த்த அளவில், நட்ட மரங்களைவிட அந்த அடுப்பு காப்பாற்றிய புதர்கள் அதிகம். ஓடைக்கரையில் காரையும் களாவும் ஆள் உயரத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் மறுபடி அரிவாள் வெளியே வருகிறது. காட்டை மீட்பதில் மக்கள் பங்கு என்று பேசுகிறவர்கள் அடுப்படியைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

19 ஜூலை

சிதம்பரத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "பிச்சாவரத்தைப் பாருங்கள், மக்களை விலக்கியதால்தான் அது பிழைத்தது." நேர் எதிர், தம்பி. இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது பிச்சாவரம், உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிற சதுப்புக் காடு. அங்கே சதுப்பின் நடுவே பல இடங்கள் மொட்டையாகிக் கிடந்தன. விறகு வெட்டுகிற கிராமத்தார், மேய்கிற மாடு, இவைதான் காரணம் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் வந்து ஆராய்ந்தபோது வேறு கதை தெரிந்தது. பிரிட்டிஷ் காலத்திலிருந்து 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக முழுசாக வெட்டி எடுக்கிற முறை இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழ, சேற்றிலிருந்த ஈரம் வற்றி நிலம் தட்டுப்போலத் தாழ்ந்தது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், வந்த உப்புத் தண்ணீர் அந்தத் தாழ்வில் தங்கி, திரும்பிப் போக வழியில்லாமல் காய்ந்து, உப்பு ஏறிக்கொண்டே போனது. அதில் எந்தக் கன்றை நட்டாலும் கருகும்.

வைத்தியம் வாய்க்கால். மீன் முள் வடிவில் ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகக் கிளைகளும் வெட்டி, ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழி செய்தார்கள். உப்பு இறங்கியது. சதுப்பு மரமான வெண்கண்டல் பிடித்தது. செயற்கைக்கோள் படத்தில் இன்றைக்கும் அந்த முள் வடிவம் தெரியும்.

மக்கள் எங்கே வருகிறார்கள்? அந்த வாய்க்கால் தானாகத் திறந்து இருக்காது. சேறு வந்து அடைக்கும், அவ்வப்போது தூர் எடுக்க வேண்டும். அதனால்தான் வனத்துறையும் ஊர்களும் சேர்ந்த குழுக்கள் அமைந்தன. எம்.ஜி.ஆர். நகர் இருளர்கள் அந்தச் சேற்றில் இறங்கி, கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்து, பிடித்ததைப் போடுகிற கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நகர்கிறவர்கள். எந்தக் கால்வாயில் தண்ணீர் நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று அவர்கள் காலுக்குத் தெரியும். காட்டைக் கெடுத்தவர்கள் என்ற பழியைச் சுமந்திருந்த மக்கள் கையால்தான் அந்தக் காடு திரும்பியது. 2022இல் பிச்சாவரம் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தப் பறிதான்.

20 ஜூலை

அதே தம்பி: "சுனாமியில் பிச்சாவரம் ஊர்களைக் காப்பாற்றியதே?"

2004 டிசம்பரில் நம் மாவட்டம் இழந்தது கொஞ்சமல்ல. தேவனாம்பட்டினத்தில் எங்கள் உறவுக்காரர் வீடும் போனது. அதனால் இதைக் கவனமாகப் பேசவேண்டும் என்று நினைக்கிறேன். பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் 18 ஊர்களை ஒப்பிட்டு, சதுப்புக் காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்து, அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததே பெரிய காரணம் என்று மறுத்தார்கள். என் கட்சி: காடு அலையின் வேகத்தைக் குறைக்கும், ஆனால் "மரம் இருக்கிறது, கரையிலேயே வீடு கட்டு" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. காட்டுக்கு இல்லாத சக்தியைக் கொடுத்துப் பேசினால், ஒரு புயலில் அது தோற்கும்போது மக்கள் காட்டையே கைவிடுவார்கள்.

10 ஆகஸ்ட்

மியாவாக்கி போடலாமா என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை. சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்று நெருக்கி நடுவது. நகரத்தில் சின்ன இடம், குழாயில் தண்ணீர், இரண்டு மூன்று வருடம் பார்க்க ஆள் இருந்தால் போடுங்கள், வேகமாகப் பச்சை தெரியும். ஏரிக்கரைப் புறம்போக்கில் அவ்வளவு நெருக்கத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? நம் வீரையும் காசானும் மெதுவாக வளர்கிற மரங்கள், அவசரப்படுத்தினால் கேட்காது. எங்களிடம் நெருக்கி நட கன்று கேட்பவர்கள் மொத்தமாக வாங்குவார்கள், நாற்றங்காலுக்கு அது வருமானம்தான். ஆனாலும் இடத்தைப் பார்க்காமல் கொடுப்பதில்லை.

24 ஆகஸ்ட்

வேலிகாத்தானைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். கேள்வி கேட்டவர் "எடுத்துவிட்டு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். பொக்லைன் வைத்து ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கினால் இருப்பது மொட்டைத் தரை. முதல் மழையில் கரை கரையும். மேலாக வெட்டினால் அடியிலிருந்து இரண்டு மடங்கு தழைக்கும். பட்டை பட்டையாக எடுங்கள். ஒரு பட்டை எடுத்து, தூரோடு தோண்டி, அந்த மழைக்கே அங்கே நட்டு, அது தலை தூக்கிய பிறகு அடுத்த பட்டை. வேலிகாத்தான் நிழலில் பறவை போட்ட வேப்பங்கன்று கண்டிப்பாக இருக்கும், அதை மிதிக்காதீர்கள். எடுத்த விறகைக் கான்ட்ராக்டருக்கு ஏலம் விடாமல், இதுவரை அங்கே விறகு ஒடித்த வீடுகளுக்கே முதல் உரிமை கொடுங்கள்.

7 செப்டம்பர்

"வேலை மரம் வைத்தால் சீக்கிரம் வளருமே?" ஆஸ்திரேலிய அகேசியாவைத்தான் இந்தப் பக்கம் வேலை மரம் என்று சொல்வது. ஆரோவில்லில் ஆரம்பத்தில் நிறைய வைத்தார்கள், வெறும் மேட்டுக்கு நிழலும் சருகும் கொடுத்தது, உண்மை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியபோது அந்த மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாக விழுந்ததைப் பண்ருட்டிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வாரம் எங்கள் ஊர்க் கோயில் காட்டைப் போய்ப் பார்த்தேன். கிளைகள் முறிந்து கிடந்தன, ஆனால் குட்டையான, வைரம் பாய்ந்த மரங்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றன. அன்றிலிருந்துதான் இந்த மரங்களின் மேல் எனக்குப் பிடிப்பு. வேகமாக வளர்கிற மரம் நிழலுக்கு ஓரத்தில் கொஞ்சம் போதும்.

28 செப்டம்பர்

கேள்வி கேட்ட வாசகர் எழுதியிருக்கிறார். ஆடு வைத்திருக்கிறவர்களைக் கூட்டிப் பேசினார்களாம். முதல் நாள் சண்டை. இரண்டாம் முறை ஒரு பெரியவர் வழி சொல்லியிருக்கிறார்: இடத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கில் மட்டும் நடுவது, மற்ற இரண்டில் மேய்ச்சல் வழக்கம்போல. மரம் ஆடு எட்டாத உயரத்துக்கு வந்த பிறகு அதைத் திறந்துவிட்டு அடுத்த பங்கு. படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எந்தத் திட்ட அறிக்கையிலும் இதைவிட நல்ல யோசனையை நான் பார்த்ததில்லை.

ஒரே சந்தேகம். திறந்துவிட்ட பங்கில் அடியில் முளைக்கிற குட்டிக் கன்றுகளை ஆடு விடாது, மரம் இருக்கும், அதன் வாரிசு இருக்காது. மழைக்காலத்தில் மட்டுமாவது அந்தப் பங்கை மூடி வைக்க அதே பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். அப்போது வெளியில் புல் இருக்கும், அவர்களுக்கும் நஷ்டம் வராது.

5 அக்டோபர்

கிராம சபைக்குத் தீர்மானம் எழுதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். "ஊர் மக்கள் பராமரிப்பார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஊர் மக்கள் என்றால் யாருமில்லை என்று ஆகிவிடும். மாசி முதல் ஆனி வரை தண்ணீர் ஊற்றப்போகிறவர்கள் யார் யார், கூலி நூறு நாள் வேலையிலிருந்தா ஊராட்சிப் பணத்திலிருந்தா, தண்ணீர் எந்தக் கிணறு, காய்ந்த விறகு யாருக்கு, பழம் யாருக்கு, கன்று செத்தால் மாற்றுக் கன்று யார் பொறுப்பு. இத்தனையும் வரி வரியாக இருக்கட்டும். ஆடு வைத்திருக்கிறவர்களில் இரண்டு பேரையாவது குழுவில் போடுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது, மேய்ச்சலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

கன்றுகள் தயார். வீரை, நாவல், இலுப்பை, மகிழம், வெப்பாலை இருக்கின்றன, கரைக்குப் பூவரசும் புன்னையும் தருகிறேன். காசான் இந்த வருடம் குறைவாகத்தான் முளைத்திருக்கிறது, கொஞ்சம்தான் தர முடியும். ஐப்பசி முதல் மழை மண்ணில் ஒரு முழம் இறங்கியதும் டாடா ஏஸ் அனுப்புங்கள். ஓட்டுநரோடு அந்தப் பெரியவரையும் ஏற்றி அனுப்புங்கள், எந்தக் கன்று வேண்டும் என்று அவரே பார்த்து எடுக்கட்டும்.